மெழுகு பூசிய கட்டைகள்

மழைக்காலத்தில் படகு ஃபைபர் வேலையில் கை வைக்கவே கூடாது, சார். காற்றில் ஈரம் இருந்தால் ரெசின் பசை சரியாக இறுகாது. எத்தனையோ பேரை, "வெயில் வரட்டும், அப்புறம் கொண்டாங்க" என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். படகுத் துறையில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

மாப்பிள்ளையின் படகும் நல்ல வெயில் காலத்தில்தான் பட்டறைக்கு வந்தது. மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவர். யார் வீட்டுத் தோட்டத்திலோ தார்ப்பாய்க்கு அடியில் வருஷக்கணக்காகக் கிடந்த மோட்டார் படகு. பிறந்த குழந்தையை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டு வருகிறவரைப் போல அதைப் பார்த்துப் பார்த்து இழுத்து வந்தார்.

ஏறி நின்றதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. தரை காலுக்கடியில் அமுங்கியது. இறங்கி, படகின் அடிப்பாகத்தைச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனேன். நல்ல ஃபைபர் கணீரென்று பதில் சொல்லும். அடுக்குகள் ஒட்டு விட்டுப்போனது, நனைந்த அட்டைப்பெட்டியைத் தட்டுவது போல மொத்தென்று கேட்கும். இதில் பாதிக்குமேல் அட்டைப்பெட்டிதான்.

"என்ன டாக்டர், பொழைக்குமா?" என்றார் மாப்பிள்ளை கேலியாக.

"அறுத்துப் பாத்தாத்தான் தெரியும்."

இருவருமாகத் தரையை அறுத்து எடுத்தோம். அதற்குக் கீழே முன்னாலிருந்து பின்னால் வரை நீளவாக்கில் கட்டைகள் ஓடும். ஸ்ட்ரிங்கர் என்போம். அலை மோதும்போது படகின் அடி வளையாமல் பிடித்துக்கொள்வதும், என்ஜினைச் சுமப்பதும் அவைதான். மாப்பிள்ளை ஒரு கட்டையை ஸ்க்ரூடிரைவரால் குத்தினார். கைப்பிடி வரை உள்ளே போயிற்று. இழுத்ததும் காப்பிச் சக்கை மாதிரி கறுப்பாக வழிந்தது. இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அதுவரைக்கும் நல்லபடியாகச் செய்து கொடுக்கும் எண்ணத்தில்தான் இருந்தேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

மத்தியானம் தங்கை சாப்பாடு கொண்டு வந்தாள். பட்டறை வாசலிலேயே மூவரும் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

"அண்ணா, படகு ரெடியானதும் நாங்க அக்கரைக்கே குடி போயிடலாம்னு இருக்கோம். அவருக்கு அங்க வேலை கெடச்சிருக்கு."

"நல்ல விஷயம்தானே," என்றேன்.

"வாராவாரம் வந்து உன்னப் பாத்துட்டுப் போவோம். அதுக்குத்தானே இந்தப் படகே."

வாராவாரம். நோயாளியைப் பார்க்க வருவது போல.

அப்பா அம்மா போனபோது அவள் பள்ளிக்கூடப் பிள்ளை. அவளுக்குத் தலை பின்னிவிட்டவன் நான். காய்ச்சல் வந்தால் பக்கத்திலேயே கிடந்தவன் நான். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வருகிறவள் இவளை எப்படிப் பார்ப்பாளோ என்ற பயம். அவளுக்கு வந்த வரன்களில் இரண்டு பேர் தூரத்துக்காரர்கள். அவளுக்கு வலிப்பு உண்டு என்று நானே அவர்களிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அப்படி எதுவும் அவளுக்குக் கிடையாது. ஏன் யாருமே திரும்பி வரவில்லை என்று அழுதாள். நான்தான் சமாதானப்படுத்தினேன். மாப்பிள்ளையிடமும் அதையே சொல்லிப் பார்த்தேன். "அதனால என்ன மச்சான், நான் பாத்துக்கறேன்" என்றார். அவளிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை போலிருக்கிறது. அப்படிப்பட்ட ஆளை வேறு என்னதான் செய்வது?

"ரெண்டு பேரும் போய் அங்க வீடு பாத்துட்டு வாங்க. அதுக்குள்ள நான் முடிச்சு வைக்கறேன்," என்று அனுப்பிவைத்தேன்.

ரெசின் பிடிக்க வேண்டுமென்றால் அடியில் இருப்பது உலர்ந்திருக்க வேண்டும், தேய்த்துச் சொரசொரப்பாக்கியிருக்க வேண்டும். மெழுகு பட்ட இடத்தில் ஒட்டவே ஒட்டாது. உளுத்த கட்டைகளை அப்படியே விட்டேன். அவற்றின் மேல் மெழுகைக் கையாலேயே தடவினேன். மூலை முடுக்குகூட விடவில்லை. அதன்மேல் புது ஃபைபர் துணியை விரித்து, ரெசின் ஊற்றி, ஒரு குமிழிகூட இல்லாமல் உருளையால் தேய்த்தேன். அடுக்கு விட்டுப்போன அடிப்பாகத்துக்கு வெளியே பூச்சு மட்டும். மிதப்பதற்காக உள்ளே வைத்திருந்த நுரை தண்ணீர் குடித்துக் கிடந்தது. அதை எடுத்தேன், புதிதாக வைக்கவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு அழகாக ஒரு வேலை செய்ததில்லை.

திரும்பி வந்த மாப்பிள்ளை புதுக் கட்டைகள் என்று நம்பி அவற்றைத் தடவிப் பார்த்தார். "டாக்டர், இது நமக்கப்புறமும் ஓடும்." தரையை மூடுவதற்கு அவரே ஆணி எடுத்துக் கொடுத்தார்.

வெள்ளோட்டத்துக்கு அவர் தனியாகத்தான் போவதாக இருந்தது. அவள் தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக வந்து, கேட்காமல் கொள்ளாமல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். "நீயும் வாயேன்ணா."

"பட்டறையில வேலை கெடக்கு."

ஒரு வார்த்தை சொல்லி அவளை இறக்கியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு என் முகத்தைப் பார்த்தே எல்லாம் தெரிந்துவிடும். அதனால் குனிந்து கயிற்றை அவிழ்த்துவிட்டேன்.

படகில் லைஃப் ஜாக்கெட் ஒன்றுதான் இருந்தது. இன்னொன்றை, கிழிந்திருக்கிறது, தைத்துத் தருகிறேன் என்று நான் எடுத்து வைத்திருந்தேன். அது கிழியவில்லை. இருந்த ஒன்றை மாப்பிள்ளை அவளுக்கு மாட்டி, வாரை இழுத்து இறுக்கிவிட்டார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

எங்கள் ஊர் வளைகுடாவின் வாய்ப்பகுதியில் அலை பெரிது. வேகமாகப் போகும்போது கட்டைகள் உடைந்து, என்ஜின் ஆடி, அடி பிளந்துகொண்டது. ஒரு மீன்பிடிப் படகுக்காரர் அவளைத் தூக்கினார். ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும், "அவரு கைய நான் விடலண்ணா. என்னையும் இழுத்துடுவோம்னு அவரா விட்டுட்டாரு" என்றாள். விடாமல் இருந்திருந்தால் இரண்டு பேரும் போயிருப்பார்கள். அந்த விஷயத்தில் அவர் நல்ல மனிதர்தான்.

அவளை வீட்டுக்கு அழைத்து வந்து, அவளுடைய பழைய அறையிலேயே படுக்க வைத்தேன். கஞ்சி வைத்துக் கொடுத்தேன். வீடு மறுபடி வீடாக இருந்தது. பிறகு படகின் பாதி கரை ஒதுங்கியது. என்னிடம் சொல்லாமல் போய்ப் பார்த்திருக்கிறாள். புது ஃபைபரின் நுனியைப் பிடித்து இழுத்தாளாம். வாழைப்பழத் தோல் மாதிரி முழுசாக வந்துவிட்டதாம். அடியில் மெழுகு, மெழுகில் என் விரல் தடங்கள். அந்தத் துண்டைக் கொண்டு வந்து என் முன்னால் வைத்து, "இது என்னண்ணா?" என்றாள். அவளிடம் நான் பொய் சொல்லவில்லை. நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள்.

நான்தான் செய்தேன், சார். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

அவள் என்னைப் பார்க்க மாட்டேன் என்கிறாளாமே, கோபம். அது ஆறிவிடும். நீங்கள் மட்டும் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கள். புருஷனும் இல்லாமல் தனியாக நிற்கிற பெண், இந்த நேரத்தில் கூடப்பிறந்த அண்ணனையும் விட்டுவிட்டால் அவளுக்கென்று யார் இருக்கிறார்கள்?