அவள் திரையில் மட்டும் காணோம்

“ஹலோ... டேய், நான்தான், அக்கா... இல்லடா, இன்டர்வியூ கால் இன்னும் வரல, மூணு மணிக்குத்தான்... படிச்சேன், படிச்சேன், அதெல்லாம் படிச்சேன்... நீ முதல்ல நான் சொல்றதைக் கேளு. தம்பி, எல்லாத்தையும் அழிச்சுட்டேன்டா.”

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தின் பதிவு அறை அது. ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. அதற்கு வெளியே ரிப்போர்ட்டுக்காகக் காத்திருப்பவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே இவள் கீபோர்டுக்கு முன்னால் பேயறைந்தாற்போல் இருந்தாள். தம்பி சாஃப்ட்வேர் கம்பெனியில் இருப்பவன். மாதக் கடைசியில் நிலையத்தை மூடப்போகிறார்கள் என்று தெரிந்ததிலிருந்து தினமும் போனில் இன்டர்வியூ கேள்வி கேட்டு அக்காவின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தான். மூன்று மணிக்குப் பேசப்போகிற டேட்டாபேஸ் வேலை கிடைக்காவிட்டால் அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

“எதையா? பேஷண்ட் பேரு, ரிசல்ட் எல்லாம் இருக்கிற டேபிளை... ஆமா... ஆமாடா, லேப்லதான்... கத்தாத, கத்தினா வச்சுருவேன்... டேபிளைக் காலி பண்ற அந்த டெலீட், ட்ரங்கேட் ரெண்டுக்கும் வித்தியாசம் எத்தனை தடவை படிச்சாலும் மண்டையில நிக்கல. கடைசியா ஒரு தடவை கண்ணால பார்த்துட்டா நிக்கும்னு நெனச்சேன்... நகல் எடுத்து, நகல்லதான் அழிக்க உட்கார்ந்தேன். கை வீட்டுப் பழக்கத்துல அசல் பேரை அடிச்சுருச்சு... நீதானே வீட்டு லேப்டாப்புலயும் இதே பேரு வச்சுக் கொடுத்தே? வேற பேரே கிடைக்கலையா உனக்கு?”

பழியில் பாதியைக் கைக்கும் மீதியைத் தம்பிக்கும் பங்கு வைத்தாள். பயம் வந்தால் அவள் இப்படித்தான். சின்ன வயதில் கண்ணாடி டம்ளரை உடைத்துவிட்டு, டம்ளர் ஏன் இப்படி வழுக்குகிறது என்று அம்மாவிடம் சண்டைக்குப் போனவள்.

“எண்ணிப் பார்த்தேன், பூஜ்யம்னு வருதுடா... பேக்கப்பா? அந்த டிஸ்க் கெட்டு எவ்வளவோ நாளாச்சு. மூடப்போற இடத்துக்கு எதுக்குன்னு ஓனர் டாக்டரம்மா புதுசு வாங்கவே இல்ல... ம்... ம்... டேய், வெளியில ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கு. நரம்பே கிடைக்காம, ஆளுக்கொரு பக்கம் அமுக்கிப் பிடிச்சு ரத்தம் எடுத்தோம். திரும்பக் கையை நீட்டும்மான்னு அதுகிட்ட எப்படிடா கேப்பேன்?”

அந்தக் குழந்தை முழங்கையில் ஒட்டிய பஞ்சோடு அம்மாவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. இவளுக்கு அதைப் பார்க்கவே முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து உள் அறைக் கதவைத் திறந்து டெக்னீஷியன் தலையை நீட்டினார். நிலையத்தில் அவருக்குச் சிடுமூஞ்சி என்று பெயர், அது அவருக்கும் தெரியும். பரிசோதனை முடிவைப் பதியப் போனால் திரை அப்படியே சிக்கி நிற்கிறது, உங்களுக்கும் அப்படித்தானா என்று கேட்டார். இங்கே எல்லாம் சரியாக இருக்கிறது என்று பச்சைப் பொய் சொன்னாள். முணுமுணுத்துக்கொண்டே அவர் கதவைச் சாத்தினார்.

“கேட்டுச்சா? அவருக்கு ஸ்கிரீன் சிக்கிக்கிச்சாம்... நல்லதா? இங்க ரிப்போர்ட்டுக்கு ஆள் காத்துக்கிட்டிருக்கு, நீ நல்லதுங்கறே... வேற கம்ப்யூட்டர்லயா? ரிசப்ஷன்ல இருக்கு. அந்தப் பொண்ணு சாப்பிடப் போயிருக்கா... இதை இப்படியே விட்டுட்டு எப்படிடா போறது?... சரி, போறேன். போறேன்டா, கத்தாத.”

போனைக் காதில் வைத்தபடியே வெளியே போனாள். காத்திருந்தவர்களில் ஒருவர் ரிப்போர்ட் வந்துவிட்டதா என்று கேட்டார். ஆயிற்று, ஆயிற்று என்று அவர் முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டு ரிசப்ஷன் திரையைத் திறந்தாள்.

“டேய்... இருக்குடா. எல்லார் பேரும் இருக்கு. அந்தக் குழந்தை பேரும் இருக்கு... எப்படிடா?... ம்... என் ஸ்கிரீன்ல மட்டும்தான் காணோமா?... ஆமா, ஆமா, கமிட்னு உறுதி கொடுக்கிற வரைக்கும் மத்தவங்களுக்குப் பழையதுதான் தெரியும். நான் கை வச்ச வரியை வேற யாரும் திருத்த முடியாது, காத்துக்கிட்டு நிக்கணும்... ஓ. அதனாலதான் சிடுமூஞ்சிக்குச் சிக்கிக்கிச்சா?”

பல நாளாக அர்த்தம் தெரியாமல் ஒப்பித்துக்கொண்டிருந்த வரி அது. இன்றைக்குத்தான் புரிந்தது. போன உயிர் பாதி திரும்பி வந்தது.

“என் ஸ்கிரீன்லயா? இப்ப ஒண்ணும் இல்ல. பயத்துல எல்லாத்தையும் மூடிட்டு ஓடிடலாம்னு எக்ஸிட்னு அடிச்சேன். அப்புறம்தான் உனக்குப் போன் பண்ணேன்... இல்ல, என்டர் தட்டல. அப்படியே நிக்குது... என்னடா?... எக்ஸிட் கொடுத்தா அதுவே கமிட் பண்ணிட்டுத்தான் வெளியே போகுமா? அப்ப எல்லாருக்கும் போயிருமா? இதை ஏன் முன்னாடியே சொல்லல?... சொன்னே. சொன்னே, இப்ப ஞாபகம் வருது.”

கேட்டுக்கொண்டே திரும்பிப் பார்த்தவள் முகத்தில் ஈயாடவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அவள் நாற்காலியில் சிடுமூஞ்சி உட்கார்ந்திருந்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத் திரையைப் படித்துக்கொண்டிருந்தார். அவருடைய வலது கை கீபோர்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

இன்னொரு பொய் சொல்ல நேரமில்லை. சொல்லியிருந்தாலும் அவர் நிறுத்தியிருக்க மாட்டார்.

“சார், தொடாதீங்க. நான்தான் சார். நான்தான் எல்லாத்தையும் அழிச்சேன். என்டர் தட்டுனா திரும்ப வராது.”

அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். குழந்தை விழித்துக்கொண்டு அழ ஆரம்பித்தது. சிடுமூஞ்சி சுடுசட்டியைத் தொட்டவர் மாதிரி கையை இழுத்துக்கொண்டு எழுந்தார். அவள் ஓடி வந்து உட்கார்ந்தாள்.

“தட்டலடா, அவர் தட்டல... இருக்கு, எக்ஸிட் இன்னும் அப்படியே இருக்கு... அந்த எக்ஸிட்டை அழிச்சுட்டேன். சொல்லு, எழுத்து எழுத்தா சொல்லு, எனக்கு இப்ப ஒண்ணும் ஓடல... ம்... ம்... ரோல்பேக், அதான் அழிச்சதைத் திருப்பி எடுக்கறது... கடைசியில அரைப்புள்ளி, வச்சாச்சு. தட்டவா?... நல்லாப் பார்த்துட்டேன். நீ சொல்லு, தட்டவா?... தட்டிட்டேன்.”

ரோல்பேக் முடிந்தது என்று திரையில் ஒரு வரி வந்தது. டேபிளில் எத்தனை பேர் என்று கம்ப்யூட்டரை மறுபடி எண்ணச் சொன்னாள். இந்தத் தடவை பூஜ்யம் இல்லை.

“வந்துருச்சுடா... எல்லாம் வந்துருச்சு... நான் அழல. சளி.”

சிடுமூஞ்சி உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் பிரிண்டர் ஓடும் சத்தம் கேட்டது. கையில் ஒரு தாளோடு திரும்பி வந்தவர், டாக்டரம்மாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், நான் சொன்னால் நன்றாக இருக்காது என்றார். அவள் தலையை ஆட்டினாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

“டேய், இரு, இன்னொரு கால் வருது. இன்டர்வியூக்காரங்கதான்... எனக்கு வேண்டாம்டா, இன்னிக்கு வேண்டாம். இவ்வளவு பண்ணிட்டு எந்த வாயால பேசுவேன்?... சரி... சரி, வை. வைடா.”

தம்பியின் இணைப்பைத் துண்டித்தாள். பாட்டிலில் இருந்த தண்ணீரைக் குடித்தாள். பாதி புடவையில் கொட்டியது.

“ஹலோ... ஆமாங்க, நான்தாங்க பேசறேன்... பேசலாம்ங்க, தொந்தரவு ஒண்ணும் இல்ல... டெலீட், ட்ரங்கேட்டா?... டெலீட்டுன்னா, கமிட் கொடுக்கிற வரைக்கும் திருப்பி எடுத்துரலாம்ங்க. ட்ரங்கேட்டுன்னா போனது போனதுதான். அப்புறம், எக்ஸிட் கொடுக்கிறப்பவும் பார்த்துக் கொடுக்கணும்... இல்லீங்க, புஸ்தகத்துல படிச்சது இல்ல. பண்ணியிருக்கேன்... ஆமாங்க, நிஜ டேபிள்லதான்... எப்பவா?”

கண்ணாடிக்கு வெளியே சிடுமூஞ்சி அந்தக் குழந்தையின் அம்மாவிடம் ரிப்போர்ட்டை நீட்டிக்கொண்டிருந்தார். போன வருடம் என்று சொன்னால் போதும், யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்று ஒரு கணம் தோன்றியது.

“இப்பத்தாங்க.”