தும்பியின் இடது சிறகு

இல்லை சார், செதுக்கும் மெஷினில் மாட்டுகிற பிட் உடைந்துவிட்டால் கூர் தீட்ட முடியாது. அதன் முனையே தலைமுடி அளவுதான். தீட்டுவதற்கு அதில் என்ன இருக்கிறது? எறிந்துவிட்டு வேறொன்றை மாட்ட வேண்டியதுதான். டப்பாவில் நீங்கள் பார்த்ததெல்லாம் அப்படி உடைந்த பிட்டுகள். உங்கள் ஆள் ‘தையல் ஊசிகள்’ என்று எழுதிக்கொண்டிருக்கிறார். திருத்தச் சொல்லுங்கள். தையல் என் அக்காவின் வேலை.

நான் எதையும் மறைக்கப் போவதில்லை. வரிசையாகச் சொல்ல மட்டும் விடுங்கள். நடுவிலிருந்து கேட்டால் என்னைப் பைத்தியம் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

கணினியில் நான் வரைவதை மெஷின் மரத்தில் செதுக்கும். முதலில் பெரிய பிட் வேண்டாத மரத்தைத் தள்ளிவிடும். பிறகு சின்ன பிட் வந்து, மழைத்துளி கண்ணாடியில் இறங்குகிற மாதிரி, அவசரமே இல்லாமல் கோடு கோடாகப் போகும். நான் செய்துகொண்டிருந்தது ஒரு தும்பி. உள்ளங்கையில் அடங்கிவிடும். பேரிக்காய் மரம், நார் தெரியாத மரம். சிறகில் நரம்புகள், நரம்புகளுக்கு நடுவே சின்னச் சின்னக் கண்ணறைகள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அந்தக் கண்ணறைகள் வழியே மரம் தேன் நிறத்தில் ஒளிரும். மரத்தில் இது நடக்காது என்று எல்லோரும் சொன்னார்கள். வலது சிறகை எடுத்துப் பாருங்கள். நடந்திருக்கிறது.

வலது சிறகு ஒரே பிட்டில் முடிந்தது. அப்போது அக்கா தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். அவள் திரும்பி வந்த பிறகு இடது சிறகைத் தொடங்கினேன். பிட் உடைந்தது. வேறு மாட்டினேன். அதுவும் உடைந்தது. விசாரிப்பது உங்கள் தொழில். நீங்களாக இருந்தால் என்ன முடிவுக்கு வருவீர்கள்?

அப்பா அம்மா போன பிறகு அந்த வீட்டில் நாங்கள் இருவர்தான். கீழே நான், மாடியில் அவளும் அவளுடைய தையல் மெஷினும். மாடித்தளம் பலகை. யாராவது நடந்தால் கீழே சுவர் அதிரும். என் மெஷின் மேசை அந்தச் சுவரோடு போல்ட் போட்டது.

“அக்கா, என் மெஷின் ஓடுறப்ப நீ தைக்காத” என்றேன்.

“உன் மெஷினுக்கு என் மெஷின் மேல அவ்வளவு பொறாமையாடா?” என்று சிரித்தாள். ஆனால் நிறுத்திவிட்டாள். கையாலேயே தைத்தாள்.

பிட் உடைந்தது.

“நடக்கவும் செய்யாதக்கா.”

“அப்ப பறக்கவா? அந்தப் பூச்சிக்குச் செய்யறப்ப எனக்கும் ரெண்டு சிறகு செஞ்சு குடு.”

அவள் கேலி செய்வாள், ஆனால் கேட்பாள். நாற்காலியை விட்டு எழவில்லை. எழுந்து போகாமல் இருக்கத் தண்ணீர் குடிப்பதைக்கூடக் குறைத்துக்கொண்டாள். அதை நான் கேட்கவில்லை. அவளாகச் செய்தது. எழுதிக்கொள்ளுங்கள்.

புது பிட் வாங்கப் போனபோது, மாடியில் அக்கா அசைகிற அதிர்வில்தான் உடைகிறது என்றேன். கடைக்காரர் பழையதை உருட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, பிட்டைக் கவ்வுற காலெட் தேஞ்சு போயிருக்கும். அதான் பிட்டு ஆடுது. அதை மாத்துங்க. மாடியில உங்கக்கா டான்ஸே ஆடினாலும் இது ஒடையாது.”

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். காலெட்டை ஒவ்வொரு முறையும் துடைத்து மாட்டுவது என் கை. என் கை தப்பு செய்யாது. வலது சிறகைச் செய்ததும் இதே காலெட்தான்.

அன்று மதியம் அக்காவைப் படுத்துக்கொள்ளச் சொன்னேன். தளம் அதிராமல் இருக்க மெத்தைக்கு மேல் மெத்தை போட்டேன்.

“மூச்சு விடலாமா, இல்ல அதுக்கும் உன்கிட்ட பர்மிஷன் வாங்கணுமா?” என்றாள்.

நானும் சிரித்தேன். அப்போது என் மனதில் எதுவும் இல்லை. அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

சிறகு பாதிக்கு மேல் வந்துவிட்டது. நான் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ‘டிக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், உடைந்துவிட்டது. மெஷினை அணைத்தேன். அந்த அமைதியில்தான் அது கேட்டது. மாடியில் அக்காவின் குறட்டை. சன்னமான குறட்டை. சுவரில் கை வைத்துப் பார்த்தேன். அதிர்வு இருந்தது.

செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாக ஏறினேன், தூக்கம் கலையக் கூடாதே என்று. தட்டி எழுப்பியிருக்கலாமே என்கிறீர்கள். எழுந்தால் நடப்பாள்.

குனிந்தே வேலை செய்து எனக்கு முதுகு வலிக்கிறது என்று மெத்தென்று ஒரு தலையணை தைத்து வைத்திருந்தாள். அது அவள் பக்கத்தில் இருந்தது. அதை அவள் முகத்தில் வைத்து அழுத்தினேன். கடைசியில் கால்களை உதைத்தாள். பலகை தடதடத்தது. நல்ல வேளை, மெஷினை அணைத்துவிட்டு வந்திருந்தேன்.

ஆம், நான்தான். சுற்றி வளைக்க இதில் ஒன்றுமில்லை. வருத்தம் இல்லையா என்று மூன்றாவது ஆளாக நீங்களும் கேட்கிறீர்கள். ஒரு வீடு முழுக்க ஒரு சிறகுக்காக அசையாமல் காத்திருக்கலாம் என்று நான் நம்பினேன். இப்போதும் நம்புகிறேன். அக்காவும் நம்பினாள், அதனால்தான் சொன்னதெல்லாம் கேட்டாள். மூச்சு ஒன்றுதான் அவள் கையில் இல்லை. அதில் அவளுக்கு நான் உதவினேன்.

நீங்கள் கேட்பது புரிகிறது. ஆமாம், அதற்குப் பிறகும் ஒரு பிட் உடைந்தது. புதிதாக மாட்டி, கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை. காலெட்டைக் கழற்றிப் பார்க்க ஆள் அனுப்பியிருக்கிறேன் என்கிறீர்கள். வீண் வேலை. இங்கே உட்கார்ந்து நன்றாக யோசித்துவிட்டேன். எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் சுவர் ஒன்றுதான். அங்கே ஒரு சின்னக் குழந்தை, இப்போதுதான் தத்தித் தத்தி நடக்கப் பழகுகிறது. ஒரு நாளைக்கு எத்தனை முறை விழுகிறது தெரியுமா?

இடது சிறகில் பாக்கி கொஞ்சம்தான் சார். ஒரு மதியம் போதும், காவலோடே கூட்டிப் போங்கள். நான் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்க மாட்டார்கள். நீங்கள் ஒரு வார்த்தை, மரியாதையாகத்தான், அந்தக் குழந்தையைக் கொஞ்ச நேரம் படுக்க வைக்க முடியுமா என்று கேட்டுச் சொல்லுங்கள்.