ஒன்பதாவது மாடி, இடது மூலை

உங்கள் அறை ஜன்னலைத் துடைப்பவர் யாராக இருந்தாலும், அவருக்கு வேலை தெரியாது. உச்சி வெயிலில் சோப்புத் தண்ணீரைத் தடவியிருக்கிறார். ரப்பர் கட்டையை இழுப்பதற்குள் அது காய்ந்து தொலைந்திருக்கிறது. மூலைக்கு மூலை மூன்று கோடுகள். காலையிலிருந்து உங்கள் கேள்விகளுக்கு நான் சரியாகப் பதில் சொல்லாததற்கு அந்தக் கோடுகள்தான் காரணம், வேறு உள்நோக்கம் கிடையாது. தாளும் பேனாவும் கொடுத்து என்னைச் சுவர்ப் பக்கம் திருப்பி உட்கார வைத்தது நல்லதாயிற்று. இனி ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

இருபத்திரண்டு வருடமாக நான் கண்ணாடிக் கட்டடங்களைத் துடைக்கிறேன். கடைசியாகத் துடைத்தது பதினான்கு மாடி, நான்கு பக்கமும் முகம் பார்க்கும் கண்ணாடி. பகலில் உள்ளே இருப்பவர்களுக்கு வெளியே எல்லாம் தெரியும். வெளியே தொங்குகிற நமக்கு நம் மூஞ்சி மட்டும்தான் தெரியும். கோடையில் அதன் மேல் கை வைத்தால் தோல் உரிந்துவிடும். அதனால் காலையில் மேற்குப் பக்கம், மதியத்துக்கு மேல் கிழக்குப் பக்கம் என்று நிழலைப் பார்த்துத் துடைக்க வேண்டும். இது ஒன்றும் மலையைப் புரட்டும் வித்தையில்லை. சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

என் தங்கையின் கணவருக்கு அது தெரியாது. ஐந்து வருடத்துக்கு முன்பு அவரை இந்த வேலையில் சேர்த்துவிட்டதே நான்தான், ஆகவே யாரையும் நொந்துகொள்ள முடியாது. மாப்பிள்ளை தங்கமான மனிதர். வாய் மட்டும் ஓயாது. உள்ளே யார் இருக்கிறார்கள் என்றே தெரியாமல் கண்ணாடியைப் பார்த்துப் பல்லைக் காட்டுவார், மீசையை முறுக்குவார். உள்ளே ஆட்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்களாம். கீழே இறங்கினால் அவருக்கு டீ வாங்கிக் கொடுக்க நாலு பேர் நிற்பார்கள். சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டுமென்று வெயில் பக்கத்திலேயே துடைப்பார். அவர் விட்ட கோடுகளை நான் மறுபடி துடைப்பேன். தங்கையிடம் ஒருமுறை இதைச் சொன்னேன்.

"கோடுதானே அண்ணா, கொலையா பண்ணிட்டாரு?" என்றாள்.

போன வாரம் மேனேஜர் கூப்பிட்டார். அடுத்த மாதத்திலிருந்து மாப்பிள்ளைதான் மேஸ்திரியாம். எனக்கு வயதாகிறதாம், வெயில் ஆகாதாம், கீழே நின்று தெருவில் போகிறவர்களைத் தள்ளி நடக்கச் சொன்னால் போதுமாம். கையோடு ஒரு விசிலும் கொடுத்தார். என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்திருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். பொறாமை என்பது எனக்குப் பிறவியிலேயே கிடையாது. கண்ணாடியைப் பற்றித்தான் கவலைப்பட்டேன். பதினான்கு மாடியும் கோடு கோடாகக் கிடக்க, நான் வாயில் விசிலோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மனிதனுக்கு அதைவிடக் கேவலம் வேறில்லை. அந்த விசில்தான் இப்போது உங்கள் மேஜை மேல் இருக்கிறது.

நாங்கள் நிற்கும் தொங்குமேடையைத் தொட்டில் என்போம். இடுப்பு பெல்ட்டின் கொக்கியை முதுகுப் பக்கம் ஒரு தனிக் கயிற்றில் மாட்டியிருப்போம். மாடிக்கு மாடி அதைக் கழற்றி மாட்ட வேண்டும். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பதால் ஒருவர் கொக்கியை மற்றவர் மாட்டி, தோளில் இரண்டு தட்டுத் தட்டி, "மாட்டியாச்சு" என்பார். அதற்குப் பிறகு யாரும் கையைப் பின்னால் விட்டுத் தடவிப் பார்ப்பதில்லை. தடவினால் கூட நிற்பவனை நம்பவில்லை என்று அர்த்தம்.

செவ்வாய்க்கிழமை காலை வெயில் நெருப்பாக அடித்தது. மதியம் வரை காத்திருக்க முடியாதென்று மாப்பிள்ளை கிழக்குப் பக்கமே தொட்டிலை இறக்கச் சொன்னார். அடுத்த மாத மேஸ்திரி அல்லவா, சரியென்றேன். ஒன்பதாவது மாடி ஆறு மாதமாகக் காலி. பெரிய கண்ணாடி ஒன்றை அந்த வெயிலிலும் நான் பளிங்கு மாதிரி துடைத்து முடித்தேன். மாப்பிள்ளை பங்குக்கு விட்டது இடது மேல் மூலை. அதில் ஒரு கோடு. நான் அவருடைய கொக்கியைக் கழற்றினேன், தோளில் இரண்டு தட்டுத் தட்டினேன், "மாட்டியாச்சு" என்றேன்.

"மாப்ள, அந்த மூலையில ஒரு கோடு இருக்கு. கொஞ்சம் எட்டித் துடைச்சிடுங்க."

"காலி மாடிதானே மச்சான், யாரு பாக்கப் போறாங்க?"

அந்த வார்த்தையை மட்டும் அவர் சொல்லாமல் இருந்திருந்தால் நான் மனம் மாறியிருப்பேன். கொக்கியை அதற்கு முன்பே கழற்றிவிட்டேன் என்பது வேறு விஷயம். எனக்காக அவர் தொட்டிலின் கம்பி மேல் ஏறி எட்டினார். நான் குனிந்து அவருடைய காலைப் பிடித்துக் கொஞ்சம் தூக்கிவிட்டேன். கீழே போகும் வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, ஐந்து வருடத்தில் அதுதான் முதல் தடவை. பிறகு நான் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டி அந்த மூலையைத் துடைத்தேன்.

உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்த்திருக்கலாமே என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. அந்தக் கண்ணாடி வழியாக உள்ளே பார்க்க ஒரே வழிதான் உண்டு: கண்ணுக்கு இரு பக்கமும் கைகளைக் குவித்து, மூக்கைக் கண்ணாடியோடு ஒட்டிப் பார்க்க வேண்டும். அப்போதுதான் துடைத்து முடித்த கண்ணாடி. மூக்கு எண்ணெயும் கைரேகையும் பட்டால் முதலிலிருந்து துடைக்க வேண்டும், அதுவும் அந்த வெயிலில். மனசு வரவில்லை.

முந்தின நாள்தான் அங்கே புது அலுவலகம் குடிவந்ததாம். பதினோரு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்களாம். கொக்கி, தட்டு, கால் என்று ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறார்கள். என் கைக்கடிகாரத்தில் மணி பதினொன்று நாற்பது என்பது வரை. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கடிகார முள் தெரிந்திருக்கிறது. அது யார் துடைத்த கண்ணாடி என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு நான் சிரித்ததாக அவர்களில் ஒரு பெண் சொல்லியிருக்கிறாள். இருக்கலாம். கண்ணாடியில் தெரிந்தவனைப் பார்த்துச் சிரித்திருப்பேன். வெளியே என் தங்கை அழுவது கேட்கிறது, அவளிடம் அப்புறம் பேசிக்கொள்கிறேன். நான்தான் செய்தேன், கையெழுத்தும் போட்டுத் தருகிறேன். அந்தப் பெண்ணிடம் மட்டும் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள்: உள்ளிருந்து பார்க்கும்போது, என் பக்கத்து இடது மூலையில் இருந்த கோடு போய்விட்டதா?