தட்டித் தட்டியே வாத்தியார்

தலவாக்கலையிலிருந்து ஹட்டன் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள்.

"தட்டித் தட்டியே எந்தம்பி யுனிவர்சிட்டி வாத்தியார் ஆயிட்டான் அக்கா!"

"என்னத்தடி தட்டுனான்?"

"டிரம்ஸ்க்கா! கொழும்பு ஹோட்டல்ல ஜாஸ் வாசிச்சான்ல? அதையே சொல்லிக்குடுக்கணுமாம்."

"அப்ப மேடைய விட்டுருவானா?"

"அதத்தான் இன்டர்வியூல கேட்டாங்களாம். 'வேலை கெடைக்காட்டியும் மேடைய விடமாட்டேன்'னுட்டான்."

"அடப்பாவி! அப்புறம்?"

"'மேடையில வாசிக்கிற ஆளத்தான் தேடுறோம்'னு பெரிய புரொபசரே எந்திரிச்சுக் கை குடுத்தாராம்!"

"அம்மாவுக்குச் சந்தோசம்தானே?"

"தோட்டத்து லயத்துல வீடு வீடா ஓடி ஓடிச் சொல்லிட்டு வந்துச்சு. வந்து என்னையக் கேக்குது, 'இவன் அங்க போயி டமடமன்னு அடிச்சா, மத்த புள்ளைங்க எப்புடிடி படிக்கும்?'"

இருவரும் சிரித்த சிரிப்பில் டிரைவரே திரும்பிப் பார்த்தார்.