டேல் கோவாச்சின் நான்கு முகங்கள்

பேஸ்பால் வீரர்களின் பட அட்டைகளில் யாருக்குமே முகம் சரியாக விழாது. ஃப்ளோரிடா வெயிலில் நிறுத்தி, நொடியில் படமெடுத்து, சூயிங்கம் பொட்டலத்தில் போட்டு நாடு முழுக்க விற்றுவிடுவார்கள். ஆனால் டேலின் அட்டைகளை வரிசையாக அடுக்கிப் பார்க்க அவன் மகளுக்குத் தோன்றியிருக்கிறது பாருங்கள். கெட்டிக்காரப் பெண்.

நீங்கள் மேசையில் பரப்பியிருப்பதில் முதலாவது 1971. கொழுத்த கன்னம், தொப்பிக்கு வெளியே பிதுங்கும் சுருட்டை முடி. அவன் எங்கள் அணியின் கேட்சர், மட்டையாளனுக்குப் பின்னால் குந்திப் பந்து பிடிப்பவன். நான் மாற்று கேட்சர். அவன் ஆடுவான், நான் பெஞ்சில் சூரியகாந்தி விதை கொறிப்பேன். வெளியூர் போனால் இருவருக்கும் ஒரே அறை. அந்தக் கோடையில் அவனுக்கு உண்மையாகவே வயிற்றுக்கோளாறு வந்தது. இரண்டு வாரம் நான் ஆடினேன். என் அப்பா ஒஹையோவிலிருந்து பஸ் ஏறி வந்து பார்த்தார்.

72இல் கன்னம் ஒட்டிவிட்டது. நன்றாகப் பயிற்சி செய்கிறான் என்று பத்திரிகைகள் புகழ்ந்தன.

73இல் மீசை. அது என் யோசனை. உதடெல்லாம் புண்ணாகி, படமெடுக்க வரமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தான்.

"மீசை வைடா. உன் வாயை யாரு பாக்கப்போறா?"

"என் பொண்டாட்டி பாப்பாடா, ரஸ்."

"அவ பாத்துச் சலிச்சிருப்பா."

விழுந்து விழுந்து சிரித்தான்.

74இல் இருப்பது அவன் முடி அல்ல, விக். சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தபோது நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

"பந்து பிடிக்கறப்ப பறந்துட்டா?"

"அதையும் சேத்துப் புடி."

எங்கள் பண்ணைக் கொட்டகையில் பழைய எலிமருந்து டப்பா ஒன்று இருந்தது. அவனுடைய தக்காளிச் சாற்றில் ஒரு சிட்டிகை, அவ்வளவுதான். நான் ஆடத் தொடங்கியதும் நிறுத்திவிடுவேன்; அவன் தேறிவிடுவான். கடைசி முறை அவன் சீக்கிரம் தேறிவிடக்கூடாதே என்று கொஞ்சம் கூடப் போட்டேன். தேறவே இல்லை. சவப்பெட்டியின் முன்பக்கத்தை நான்தான் சுமந்தேன்.

அடுத்த பருவத்துக்கு டல்சாவிலிருந்து ஒரு புதுப் பையனை எடுத்தார்கள். என்னை அனுப்பிவிட்டார்கள். இதற்கா டேல் இவ்வளவு கஷ்டப்பட்டான் என்று மனசு ஆறவில்லை.

வாக்குமூலத்தில் இதற்கெல்லாம் பகையைக் காரணமாக எழுதிவிடாதீர்கள். டேலையே கேட்டிருந்தால், ரஸ்ஸைப்போல ஒரு நண்பன் கிடைக்கமாட்டான் என்றுதான் சொல்லியிருப்பான்.