நான் வாசித்த எண்

இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, ஐயா. நான் ஆட்டவில்லை, அதுவாகத்தான் ஆடுகிறது. ஒரு அட்டையை மடித்து அடியில் கொடுத்தால் சரியாகிவிடும். எங்கள் அலுவலகத்தில் இந்த மாதிரிச் சில்லறை வேலைகளையும் நான்தான் பார்ப்பேன்.

என் வேலை உங்களுக்குப் புரிந்தால்தான் மற்றது புரியும். நகரத்தின் வரைபடங்கள் எல்லாம் எங்கள் சர்வரில் இருக்கின்றன. குடிநீர்க் குழாய்களுக்கு ஒன்று, தெருவிளக்குகளுக்கு ஒன்று, பூங்கா மரங்களுக்கு ஒன்று, ஆம்புலன்ஸ்களுக்கு வழிகாட்ட ஒன்று. ஒவ்வொரு வரைபடத்துக்கும் பின்னால் அதை இயக்குகிற ஒரு நிரல், பிராசஸ் என்போம், ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். மொத்தம் நாற்பத்தொன்று. சங்கடம் என்னவென்றால், திரையில் அத்தனைக்கும் ஒரே பெயர். எண் மட்டும்தான் வேறு. அந்த எண்ணும் நிலையில்லை. நிறுத்தி மறுபடி ஓடவிட்டால் புது எண் வந்துவிடும். எது எந்த வரைபடத்தைத் தாங்குகிறது என்று தெரிய வேண்டுமானால், ஒவ்வொன்றும் எந்தக் கட்டளையால் கிளம்பியது என்று தோண்டிப் பார்க்க வேண்டும். பன்னிரண்டு வருடமாகத் தினமும் காலையில் அப்படிப் பார்த்து, ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியது நான். "தாளைப் பாரு" என்றால் அங்கே மறுபேச்சு கிடையாது.

என் மனைவி கிண்டல் செய்வாள். "நீங்க ஒரு நாள் லீவு போட்டா ஊரே வழி தெரியாம நின்னுடுமாக்கும்" என்பாள். நான் சிரித்துக்கொள்வேன். உள்ளுக்குள் ஆமாம் என்றுதான் சொல்லிக்கொள்வேன்.

அப்புறம் டீச்சர் வந்தார். முன்பு பள்ளியில் புவியியல் நடத்தியவர், அதனால் எல்லோருக்கும் டீச்சர். தங்கமான பெண்மணி. அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. மூன்றே வாரத்தில் ஒரு நிரல் எழுதிவிட்டார். பொத்தானைத் தட்டினால் எண்ணும் வரைபடமும் ஜோடி ஜோடியாக வந்து விழுந்தன. மேலாளர் என் தாளைச் சுவரிலிருந்து எடுத்தார். கோபமாக இல்லை, போன வருடத்துக் காலண்டரை எடுப்பது மாதிரி. "இனிமே நீங்க நிம்மதியா இருக்கலாம்ணே" என்றார்.

அன்றிலிருந்து காலையில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்திருப்பேன், தண்ணீர் குடிப்பேன், ஜன்னல் வரை போவேன், திரும்பி வந்து உட்காருவேன். பேனாவைத் திறந்து மூடுவேன். என்னைக் கோப்பறைக்கு மாற்றப்போவதாகப் பேச்சு வேறு அடிபட்டது.

நகராமல் மாட்டிக்கொண்ட பிராசஸை நிறுத்த எங்களிடம் ஒரு முறை உண்டு. ஒருவர் எண்ணை வாசிக்க வேண்டும், இன்னொருவர் அதைத் தட்டி நிறுத்த வேண்டும். தவறு நடக்காமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மரங்களின் வரைபடம் மாட்டிக்கொண்டது. அதன் எண் 7316. பத்து பதினேழுக்கு டீச்சர் தட்ட உட்கார்ந்தார். அச்சிட்ட பட்டியல் என் கையில் இருந்தது.

"சொல்லுங்கண்ணா."

"2948."

"2948. நிறுத்திடவா?"

"நிறுத்துங்க."

2948 ஆம்புலன்ஸ் வரைபடம்.

நான் நினைத்தது ஒரு சின்னத் தடங்கல்தான். நின்றுபோனதைக் கையால் கிளப்ப வேண்டும். எனக்கு அது அரை நிமிட வேலை. பதறிக்கொண்டு என்னிடம் வருவார்கள், சரிசெய்து கொடுப்பேன், தாள் மறுபடி சுவருக்கு வந்துவிடும்.

ஆனால் என்னைக் கூப்பிடவில்லை, ஐயா. ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையிலிருந்து போன் மேல் போன். அங்கே திரை உறைந்துபோய், முந்தைய அழைப்பு வந்த தெருவையே காட்டிக்கொண்டிருந்தது. புது அழைப்புக்குக் கிளம்பிய வண்டியும் அந்தப் பழைய தெருவுக்கே போயிருக்கிறது. மேலாளர் நெட்வொர்க் கோளாறு என்று அந்த ஆட்களைப் பிடித்துத் திட்டிக்கொண்டிருந்தார். டீச்சர் தன் நிரலைத் திரும்பத் திரும்ப ஓட்டினார். ஓடுகிறதைத்தான் அது காட்டும், நின்றதைக் காட்டாது. நான் எட்டடி தள்ளி என் மேசையில் தேநீரோடு உட்கார்ந்திருந்தேன். ஒருவர்கூட என் பக்கம் திரும்பவில்லை. வலியப் போய் நின்றால் நமக்கு என்ன மரியாதை? கூப்பிடட்டும் என்று இருந்தேன். கண் கடிகாரத்தில்தான் இருந்தது. பத்து முப்பத்தொன்றுக்கு மேலாளர், "அண்ணே, நீங்க கொஞ்சம் பாருங்களேன்" என்றார். அரை நிமிடத்தில் கிளப்பினேன்.

அன்று மதியம் எல்லோர் முன்னாலும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க இல்லேன்னா என்ன ஆகியிருக்கும்" என்றார். வெகு நாளைக்கப்புறம் அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன்.

அந்த வண்டிக்காகக் காத்திருந்தவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர், நெஞ்சுவலி. அவர் மகள் தெருமுனையில் துண்டை வீசிக்கொண்டே நின்றாளாம். அவர் போய்விட்டார் என்று மறுநாள் தெரிந்தது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. டீச்சரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். பையை எடுக்க வந்தவர் என் மேசை பக்கத்தில் நின்று அழுதார். "நீங்க சரியாத்தான் சொல்லியிருப்பீங்கண்ணா. நான்தான் தப்பாத் தட்டிட்டேன்போல. ஒரு உயிரு போச்சே" என்றார். "விடுங்க டீச்சர், நாமளும் மனுஷங்கதானே" என்று தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

யார் எப்போது எந்த எண்ணைத் தேடிப் பார்த்தார்கள் என்பதையும் அவருடைய நிரல் எழுதி வைக்கும் என்று எனக்குத் தெரியாது. பத்து பன்னிரண்டுக்கு, 2948 எந்த வரைபடம் என்று நான் பார்த்திருக்கிறேன். இரண்டு தடவை. சரிபார்க்காமல் நான் எதையும் செய்கிறவன் இல்லை.

எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. தெரிந்துதான் வாசித்தேன். தெரிந்துதான் பதினான்கு நிமிடம் உட்கார்ந்திருந்தேன். டீச்சர் மேல் தப்பே இல்லை. ஆனால் நான் கொன்றேன் என்று மட்டும் எழுதாதீர்கள். ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் அந்த மனிதர் இன்று வேன் ஓட்டிக்கொண்டிருப்பார்.

வெளியே அந்தப் போன் ரொம்ப நேரமாக அடிக்கிறது. யாராவது எடுக்கச் சொல்லுங்கள். ஆபீஸிலிருந்து எனக்காகத்தான் இருக்கும்.