கை கழுவப் போனவுகளுக்கு ஒரு எல

ஏம்மா எந்திக்க? ஒக்காரு, ஒக்காரு. அந்த எலைக்கு ஆளு யாரும் வரமாட்டாக. இல்லம்மா… செத்தெல்லாம் போகல, நல்லாத்தான் இருக்காக. நீயும் அப்படி நெனச்சிராத.

எல்லாம் இந்தச் சப்ளையரால வந்தது. உள்ள காலு வைக்கதுக்குள்ள கேக்கான், 'எத்தன பேரும்மா?' போன தடவ ஒருத்திதான்னு உள்ளதச் சொன்னேன். எனக்குப் பின்னால எட்டிப் பாக்கான். பொறவு, 'அப்ப பார்சலா?'ங்கான். ஏன், எனக்கு ஒக்காந்து திங்கத் தெரியாதா? ஆம்பளைக ஒத்தைக்கு வாராக, மறுசோறு வாங்கித் திங்காக, அவுககிட்ட எவனாவது கேக்கானா? பொம்பள ஒத்தைக்கு ஒக்காந்தா மட்டும் வீட்டுல சண்டையோ, கோவிச்சிட்டு வந்துட்டாளோன்னு ஓட்டலே திரும்பிப் பாக்கு. கடைசில கை கழுவுத தொட்டி பக்கத்துல எலையப் போட்டான். போறவன் வாறவன்லாம் கைய ஒதறுதான்… என் சோத்துல பாதி ஊரான் கைத்தண்ணிதான்.

வீட்டுல திங்க வேண்டியதானன்னு கேக்கியா? கேக்கலயா, சரி. வீட்டுல எல்லாருக்கும் போட்டுட்டு, அடுப்படில நின்னுக்கிட்டே சட்டில கெடக்கத வழிச்சுத் திம்பேன். கண்ணாஸ்பத்திரிக்குன்னு எங்க வீட்டுக்காரவுககிட்ட சொல்லிட்டு ஆழ்வார்குறிச்சிலருந்து பஸ் ஏறி வாறதே இந்த ஒரு சாப்பாட்டுக்குத்தான். 'இன்னும் கொஞ்சம் கூட்டு வைக்கவாம்மா?'ன்னு ஒரு மனுசன் கேக்கான் பாரு… அதக் கேட்டா எனக்கு அழுகையே வந்துரும். கண்ணுக்கு ஒண்ணுமில்ல, நல்லாத்தான் தெரியுது.

அதான் இன்னைக்கு, 'ரெண்டு பேரு, அவுக கை கழுவப் போயிருக்காக'ன்னு சொல்லிட்டேன். என்ன மரியாதங்க! ஃபேனுக்குக் கீழ எடம். எதுத்தாப்புல இன்னொரு எல. சோறு, பருப்பு, அவியல், அப்பளம், பாயாசம் வரைக்கும் வச்சிட்டுப் போயிட்டான். நானும் நிம்மதியாத் திங்கேன். அந்நேரம் பாத்து எங்க தெரு சிவகணேஷு உள்ள வாரான். கூடங்குளத்துல வேல அவனுக்கு, ஊரு நெலவரம் ஒண்ணும் தெரியாது.

எனக்கு மோர்மொளகாயக் கடிச்சுக் கண்ணுல தண்ணி. எதுத்தாப்புல எல நெறைய சோறு, முன்னால ஆளு இல்ல. நம்மள்ல எப்பம்மா அப்படி எல போடுவோம்? செத்தவுகளுக்குப் படைக்கும்போதுதான? அவனுக்கு மூஞ்சி சுண்டிப் போச்சு. 'அண்ணன் தவறிட்டாகளா வடிவு மயினி? ஒரு வார்த்த சொல்லலியே'ங்கான். புருசனுக்கு ஓட்டல்லயா படைப்பாக? அந்தப் புத்தி வேண்டாமா? ஒத்தைக்குச் சாப்புட வந்தேன்டான்னு சொல்லிருக்கலாம்… வெக்கமா இருந்துச்சும்மா. வாயில வேற சோறு. தலைய ஆட்டிட்டேன்.

அவன் வெளிய போயி ஊரு பூரா போன் போட்டுட்டான்.

இந்தா, போனு திரும்பவும் அடிக்கு. அவுகதான். எவ்வளவு நேரம் எடுக்காம இருக்க…

சொல்லுங்க… மாலையோடவா? மேலத்தெரு ஆளுகளா? நீங்க உசுரோட இருக்கேன்னு சொல்ல வேண்டியதான… சொல்லியும் போக மாட்டேங்காகளா? இல்லங்க, ஆஸ்பத்திரில இல்ல. ஓட்டல்ல இருக்கேன். சாப்டுதேன். யாரு கூடயா…

ஏம்மா, பையத் தூக்கிட்டு எங்க போற? ஓ… அந்த நடு மேச காலியாயிட்டா. ஒத்தைக்கா ஒக்காரப் போற? சரி போ தாயி, போ. நல்லா அகலமா ஒக்காரு.

அண்ணாச்சி, இந்த எலைய எடுத்துருங்க. ஆளு வராது. அப்பளத்த மட்டும் இங்கன வையிங்க.

ஆ, இருக்கேங்க. யாரு கூடயும் இல்ல. ஒத்தைக்குத்தான். வெக்கம் என்ன வெக்கம்… வந்தவுகளுக்குக் காப்பி போட்டுக் குடுங்க, சீனி மேல்தட்டுல இருக்கு. நான் வர நேரமாகும். இன்னும் ரசத்துக்கே வரல.